சண்டைக்குப் போகாத விமானம்

பாவா,

இன்று காலை திருத்தணி எல்லையில் வெள்ளிப் பெயின்ட் வாசனை தூக்கலாக அடித்தது. அந்தத் தனியார் கல்லூரி வாசலில் மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களே பழைய போர் விமானம், அதற்கு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காக மறுபடி பூசுகிறார்கள். மலையில் காவடி இறக்கிவிட்டு வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ‘பகைவரை விரட்டிய வீர விமானம்’ என்று பலகை வேறு. படிக்கும்போதெல்லாம் காறித் துப்பத் தோன்றும்.

அது லாரியில் வந்து இறங்கிய அன்று உங்களை என் வண்டியில் அழைத்துப் போனேன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இறக்கைக்கு அடியில் குனிந்து, உங்கள் கையால் ரிவெட் அடித்த ஒட்டுத் தகட்டைத் தடவிப் பார்த்தீர்கள்.

“இது சண்டைக்கே போவல மச்சான். போனதுங்களுக்கு சாமான் குடுத்துகினு மூலையில நின்னுச்சு” என்றீர்கள்.

மீதியை டீக்கடையில் சொன்னீர்கள். ரஷ்யாவிலிருந்து ஸ்பேர் பார்ட் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை மற்ற விமானங்கள் நிற்கக் கூடாது என்று இந்த ஒன்றிலிருந்து கழற்றுவீர்கள். ஒரு நாள் சக்கரம், ஒரு நாள் பம்பு, பிறகு விமானி உட்காரும் இருக்கையே போய்விட்டது. கழற்றிய இடத்தை வெறுமனே விடக் கூடாது என்பது உங்கள் ஷெட்டின் கண்டிப்பு. என்ன எடுத்தோம், எங்கே போனது என்று எழுதி ஒரு சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். கடைசியில் அது உடம்பெல்லாம் சீட்டாக நின்றதாம். அதைச் சொன்னபோது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினீர்கள். அன்றிலிருந்து என் ஸ்கூட்டர் பட்டறையிலும் அந்தச் சீட்டு வந்துவிட்டது. வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

திறப்பு விழாவில் பேச, கல்லூரித் தாளாளர் உங்களைக் கூப்பிட்டார். அதன் உண்மைக் கதையைச் சொல்கிறேன் என்றீர்கள். அதெல்லாம் வேண்டாம், போருக்குப் போனது என்று மட்டும் சொல்லுங்கள், அட்மிஷன் நேரம் என்றார் அந்த ஆள். சால்வையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள்.

நீங்கள் சொல்ல மறுத்ததை, நீங்கள் கண்மூடிய பிறகு அவர்களே எழுதி மாட்டிவிட்டார்கள். இன்று விமானத்தின் மூக்குக்குக் கீழே புது ஃப்ளெக்ஸ், அதில் சீருடையில் நீங்கள். ‘இந்த விமானத்தைப் போருக்கு அனுப்பிய நம் மண்ணின் மைந்தர்.’ படம் எங்கே கிடைத்தது தெரியுமா? உங்கள் சாவுக்கு நாங்கள் ஒட்டிய போஸ்டரில். சீ, என்ன பிறவிகளோ.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். நறுக்கிக்கொண்டிருந்த காயைத் தள்ளி வைத்தாள்.

“அவரு மூஞ்சிய வச்சி பொய் சொல்றானுங்க. போயி எடுத்துகினு வாடா.”

போனேன். பட்டறைக் கத்தியால் உங்கள் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்தெடுத்தேன். காவலாளி ஓடிவந்தார். எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு என்றேன். அவர் தள்ளி நின்றுகொண்டார்.

ஓட்டையை வெறுமனே விட்டுவிட்டு வரவில்லை, பாவா. சட்டைப் பையில் இருந்த சிவப்புச் சீட்டில் எழுதி, அங்கேயே கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

‘எடுத்தது: பாவா முகம். போன இடம்: அக்கா வீடு.’