பரணில் மண்ணெண்ணெய்

அன்புள்ள மாமா,

அல்ஜீரியாவில் உங்கள் பிரெஞ்சுப் பட்டாளம் காவல் காக்கும் எண்ணெய்க் கிணற்றில், பூமிக்குள்ளிருந்து வரும் வாயு இராப்பகலாக எரிகிறது என்று எழுதினீர்களே, அதுதான் கடைசிக் கடிதம்.

சூயஸ் கால்வாய் அடைபட்டதும் இங்கே மண்ணெண்ணெய் வரத்து நின்றது. "கப்பல் வராததாலதான் கடுதாசியும் வரல அத்தை" என்று, படுக்கையில் கிடக்கும் உங்கள் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நம்பினார்.

இப்போது கால்வாயைத் திறந்துவிட்டார்கள். பெரிய மார்க்கெட்டில் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது. நானும் வாங்கினேன். வாங்கி, பரணில் ஒளித்துவிட்டு, சவுக்கு மிளாரை ஊதி ஊதிச் சமைக்கிறேன்.

புகையில் இருமிக்கொண்டே அத்தை கேட்கிறார்: "கால்வா இன்னும் தெறக்கலியாடி?"

"இல்ல அத்தை."

விறகு தீரப்போகிறது. அங்கே கிணற்றில் அணையாமல் எரிகிறதே, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு வரியாவது எழுதுங்கள்.

தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடும்,
உங்கள் மனைவி