பங்க் பதிவு

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

அப்பா எழுதுவது. கிளாஸ்கோவில் குளிர் கொஞ்சம் தணிந்து, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அம்மா நலம். நான் நலமா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் அப்புறம் பேசறேம்பா என்று வைத்துவிடுகிறாய், அதோடு இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். நீயும் கோபியும் தேவிப்ரியாவும் அடி அண்ணாமலையில் ஒரு கடலைக் கிடங்கைப் பிடித்து ஆரம்பித்தீர்களே பங்க் என்று நீங்கள் சொல்கிற கத்தல் பாட்டுக்கு ஓர் இசைத்தட்டுச் சங்கம், அதை மூடிவிட்டுப் பெட்ரோல் பங்க் ஆக்கலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடி ஓட்டெடுத்தது. பதறாதே, முறையாகச் சொல்கிறேன்.

நீ கிளம்பும்போது, கூட்டுறவுத் துறையில இருபத்தெட்டு வருஷம் இருந்தவர் நீங்கதானேப்பா, தலைவரா இருங்க, கையெழுத்து போட்டா போதும் என்றாய். துறையும் என்னைக் கையெழுத்து போடுகிற ஆளாகத்தான் வைத்திருந்தது, மகளும் அப்படியே நினைக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு வருத்தம். இன்றைக்கும் இருக்கிறது. இருந்தாலும் பொறுப்பை ஏற்றபின் சும்மா இருக்க எனக்குத் தெரியாது, முதல் வேலையாகப் பெயர்ப்பலகையைத் தமிழில் மாற்றினேன். ரெக்கார்ட் என்றால் பதிவு. பங்க் என்பதற்கு நான்கு அகராதிகள் பார்த்தேன், ஒன்றில் போக்கிரி என்றும் இன்னொன்றில் உளுத்துப்போன கட்டை என்றும் இருந்தது, இரண்டையும் பலகையில் போட முடியாது, அதனால் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். அருணை பங்க் பதிவுக் கூட்டுறவுச் சங்கம் என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, அதன் கீழே நீ எழுதிய விதியில் உள்ளபடி யாரும் உறுப்பினராகலாம், ஒருவருக்கு ஒரு ஓட்டு. மொழிபெயர்ப்பில் எந்தப் பிழையும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் பதினோரு பேர் ஆதார் நகலும் இரண்டு போட்டோவுமாக நின்றார்கள். முன்னால் நின்றவர் ஆட்டோ ஓட்டுகிற மண்ணாங்கட்டி. சார், பங்க் பதிவு இங்கதானே, நம்ம ஊருக்கு எப்ப சார் வரும் என்று கேட்டார். ஏற்கெனவே வந்துவிட்டது, உள்ளேதான் நடக்கிறது என்றேன். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. உள்ளே கோபி டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்னா சார் இவ்ளோ சத்தமா கீது என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர், டேங்க் பொதைக்கப் பாறையை ஒடைக்கிறாங்கய்யா, அது கூடவா தெரியாது என்று விளக்கம் சொன்னார். விண்ணப்பித்தவரை மறுக்க உன் விதியில் இடமில்லை, எல்லோரையும் சேர்த்தேன். ஒரே மாதத்தில் இருபத்திரண்டு பேர். கோபி வந்து, அங்கிள், நாம யாருன்னு இவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் இருந்தால் காட்டு என்றேன். பழைய ஆட்கள் என்னைச் சேர்க்காமல் உன்னோடு ஐந்து பேர், நீயும் ஊரில் இல்லை.

இருபத்திரண்டாவது ஆள் யார் தெரியுமா, உன் வீரேந்திரன் பெரியப்பா. எனக்கு வரவேண்டிய துணைப்பதிவாளர் பதவியை இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஆளைப் பிடித்து விதியை வளைத்து வாங்கிக்கொண்டு, அதற்காக நம் வீட்டுக்கே வந்து லட்டு கொடுத்தானே, அவன்தான். ஓய்வு பெற்றும் அடங்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தப் பாதையில இவ்ளோ வண்டி வருது, ஒரு பங்க் வந்தா ஊருக்கே நல்லது, பாட்டுக்கு ஏன் ஒரு சங்கம் என்று வீடு வீடாகப் பேசி, சங்கத்தின் நோக்கத்தை மாற்ற ஒரு தீர்மானமும் எழுதிக் கொடுத்துவிட்டான். எழுத்துப்பிழை மூன்று இருந்தது, திருத்தித்தான் வாங்கினேன்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம். தீர்மானத்துக்கு முன் சங்கத்தின் செயல்பாட்டு அறிக்கை வைக்க வேண்டும் என்பது விதி, உங்கள் செயல்பாடு பாட்டு என்பதால் அதை வாசிக்கச் சொல்லிவிட்டேன். தேவிப்ரியா மைக்கைப் பிடித்து, பௌர்ணமி அன்றைக்குக் கிரிவலத்துக்காகப் போலீஸ் தடுப்பு வைத்து உள்ளூர்க்காரரையே நிறுத்துகிறார்களே, அதைப்பற்றி எங்க வூட்டுக்குப் போறதுக்கு எங்களுக்கே பாஸா என்று ஒரே வரியைப் பதினாறு முறை கத்தினாள். எண்ணிக்கை அறிக்கையில் குறிக்க வேண்டும் என்பதால் எண்ணினேன். ராகம் என்று ஒன்றும் இல்லை. முடிந்ததும் மண்ணாங்கட்டி எழுந்து, சைலன்சர் புட்டுக்கின வண்டியாட்டம் கீது சார், ஆனா அந்தப் பொண்ணு கேக்கறது நாயம், போன மாசம் என் மாமியாரை ஆஸ்பத்திரியிலேர்ந்து இட்டுக்கினு வந்தவனை ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க, நான் யார்கிட்ட கத்தறது என்று சொல்லி உட்கார்ந்தார்.

கூட்டத்தின் போக்கு மாறுவதைப் பார்த்த வீரேந்திரன் பேச எழுந்தான். நாலரை மணிக்கு ஆரம்பித்து கச்சா எண்ணெயின் வரலாறு சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. நாம் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள், பொழுது சாய்ந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போவேன், தலைவர் இல்லாவிட்டால் வயதில் மூத்த உறுப்பினர் தலைமை தாங்கலாம், அங்கே எல்லோரிலும் மூத்தவன் அவன்தான், என்னைவிட நாற்பது நாள். ஐந்தே முக்காலுக்கு, தலைவருக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சு, நீங்க கெளம்புங்க ஆதி, நான் பாத்துக்கறேன் என்று பாசமாகச் சொன்னான். இதே குரலில்தான் லட்டும் கொடுத்தான். உறுப்பினர் தொடர்ந்து பேசலாம் என்று சொல்லிவிட்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போனது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அவனும் சாப்பிட்டிருக்கவில்லை, இனி விடியும்வரை அவனுக்கும் கிடையாது. அதன்பின் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

கையைத் தூக்கச் சொன்னேன். பெட்ரோலுக்குப் பதின்மூன்று, பாட்டுக்குப் பதின்மூன்று. இரண்டு தரம் எண்ணினேன். சமமானால் தலைவர் ஓட்டு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு விஷயத்துக்காவது என் முடிவு என்ன என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, பங்க் வந்தால் என் ஸ்கூட்டருக்கும் வசதிதான். ஆனாலும் பாட்டுக்குப் போட்டேன். வீரேந்திரனுக்கு எதிராகத்தான் போட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் அப்படியே சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, பெட்ரோலுக்காகப் பட்டினி கெடந்த மொத ஜைனர் நீங்கதான் என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக்கொண்டேன்.

தோற்றவர்களில் ஒருவர்கூட விலகவில்லை என்பதுதான் இப்போது தொல்லை. அடுத்த இசைத்தட்டில் என்ன கத்துவது என்பதிலும் அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்காமல் போவதைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு தரப்பு, கடலைக் கொல்லையில் பன்றி இறங்குவதைச் சேர்க்கவேண்டும் என்று இன்னொரு தரப்பு. எதுவானாலும் பொருள் இன்னது, கேட்பவர் இன்னார் என்று முதல் வரியிலேயே வரவேண்டும் என்று அன்றைக்கே கூட்டம் கலைவதற்கு முன் நான் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியிருக்கிறேன். தேவிப்ரியா நல்லா இருக்கு அங்கிள் என்றாள், கிண்டலா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. கலையும் நேரத்தில் வீரேந்திரன் எழுந்து, தொடர்ந்து மூன்று பொதுக்குழுவுக்கு வராதவர் பெயர் நீக்கப்படும்னு விதி இருக்கு, ஒண்ணாம் நம்பர் உறுப்பினர் ஸ்வேதா ரெண்டுக்கு வரல, குறிச்சுக்கங்க என்றான். விதி சரிதான், அதை எழுதியதும் நீதான். தபாலில் ஓட்டு, பதிலாள் ஓட்டு எதுவும் கிடையாது. மகள் என்பதற்காக நான் விதியை வளைத்தால் அவன் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மூன்றாவது கூட்டத்துக்கும் நீ வராவிட்டால் உன் பெயரை என் கையாலேயே அடிப்பேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, அந்த ஊர் ஈரம் உனக்கு ஆகாது. அருகன் அருளால் உனக்கு எல்லா நன்மையும் சேரட்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். கூட்டத்துக்குத் தேதி குறிப்பது தலைவரின் அதிகாரம், அதற்குக் காலக்கெடு எதுவும் விதியில் இல்லை, மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். நீ எப்போது வருகிறாய் என்று எழுது, அதற்கு மறுநாள் கூட்டம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. ஆதிநாதன்,
திருவண்ணாமலை.