பூட்டிய வீட்டில் துரை

அடுத்த வீட்டில் நெத்திலிக் கருவாடு சுடுகிறார்கள். வாடை எங்கள் அடுப்படி வரை வந்துவிட்டது. "அவுக வீட்டுல இன்னைக்கு விருந்து போல" என்று மதினி சொன்னாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. நீ போய் இத்தனை வருஷமாகியும் அது வரவில்லை. வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

துரைக்குக் கருவாடு என்றால் உயிர். உடம்பெல்லாம் வெள்ளையாக இருந்ததால் உன் பூனைக்கு அந்தப் பெயர் வைத்தாய். பெயருக்கேற்ற மரியாதையும் கொடுத்தாய். "துரை, சாப்பிட வாரீகளா?" என்று நீ ராகம் இழுத்துக் கூப்பிடுவது சிம்மக்கல்லில் பாதித் தெருவுக்குக் கேட்கும். கட்டின புருஷனையாவது இப்படிக் கூப்பிட்டிருக்கிறாயா என்று நான் கேலி செய்தால், "அவுக ரங்கூன்ல இருக்காக. இங்கேருந்து கூப்பிட்டா கேக்கவா போகுது?" என்பாய்.

அவர் அங்கே அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. உன்னையும் வரச் சொல்லித் தெரிந்தவர்களிடம் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. துரையை என்ன செய்வது என்பதுதான் உன் கவலையெல்லாம். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிற நான் பூனையையும் கூட்டிக்கொண்டு வந்தால் மதினி என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். அதனால் உன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாய்.

"சோத்த வச்சுட்டு ஓடியாந்துராத. உக்காந்து பேசு. வேத்து ஆளு வந்தா உள்ள கூப்பிடு, அதுவும் பாக்கட்டும். மனுச வாடை மறந்துபோச்சுன்னா காட்டுப்பூனை ஆயிரும். நான் வாரப்ப என்னையவே கடிக்கும்."

"கடிச்சா வாங்கிக்க" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாய்.

நீ போனதும் துரை பரணில் ஏறிக்கொண்டது. நான் இருக்கும்வரை இறங்காது. கிளம்பிய பிறகு வந்து தின்னும். கூப்பிட்டால் மேலிருந்து உறுமும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்தது அது ஒன்றுதான். அதைக்கூட நல்லபடியாகத் திருப்பித் தர முடியாதோ என்று இருந்தது.

ஒருநாள் உன் வீட்டு மாடத்தில் கண்ணாடி வளையல்கள் கிடப்பதைப் பார்த்தேன். நீ சோறு பிசையும்போது குலுங்கும் வளையல்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் துரை ஓடிவரும். கதவைச் சாத்திவிட்டு இரண்டு கையிலும் போட்டுக்கொண்டேன். தாலி அறுத்தவள் கையில் வளையலைத் தெரு பார்த்தால் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? சோற்றைப் பிசைந்தேன். உன் ராகத்திலேயே, "துரை, சாப்பிட வாரீகளா?" என்றேன். இறங்கி வந்தது.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். சில நாள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் பால்காரம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பேன். முதலில் துரை அவளை முறைத்தது. போகப்போக அவள் மடியிலேயே தூங்கியது. இனி நீ வந்தால் கடிக்காது என்று நான் நிம்மதியான சமயத்தில்தான் ரங்கூனில் குண்டு விழுவதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நம் ஜனங்கள் நடந்தே வருகிறார்களாம். நான் சோறு பிசைவதை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்ய?

ஒரு காலையில் துரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கதவில் வந்து மோதினார்கள்.

"வந்துட்டியா? ஏ புள்ள, எனக்கு முந்தியே வந்து சேந்துட்டியா?"

திறந்தேன். உன் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக நின்றார். என் முகத்தைப் பார்த்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காட்டு வழியில் கூட்டத்தில் உன்னைத் தவறவிட்டிருக்கிறார். முன்னால் போன கூட்டத்தோடு நீ போய்விட்டதாக யாரோ சொன்னதை நம்பி ஊர்வரை வந்திருக்கிறார். நீ வரவில்லை என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். வளையலைக் கழற்றப் போனேன்.

"கழட்டாத தாயி. இன்னொரு தரம் கூப்பிடு."

"அண்ணே..."

"கூப்பிடு."

வளையலைக் குலுக்கிக் கூப்பிட்டேன். துரை வந்தது. அதுவரை பார்த்தேயிராத மனிதரைக் கண்டு ஓடவில்லை. அவர் காலை மோந்து பார்த்துவிட்டு மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நீ சொன்னபடியே வளர்த்திருந்தேன். அவர் அதைத் தடவித் தடவி அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ காய்ச்சலில் வழியிலேயே போய்விட்டதை, உன்னோடு நடந்து வந்த மேலூர்க்காரி ஒருத்தி பிறகு வந்து சொன்னாள். துரைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் அன்றைக்குக் குளிக்கப் போனேன்.

போன மழைக்காலத்தில் துரையும் செத்துப்போனது. வளையலையும் சாவியையும் அவரிடம் எப்போதோ கொடுத்துவிட்டேன். உன் குரலைத் திருப்பிக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை. அண்ணன் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் "வாரீகளா?" என்று நீதான் இழுக்கிறாய். அந்த நேரத்துக்கு உன் வீட்டுக்காரர் தெருவில் எங்கள் வாசலுக்கு நேரே வந்து நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. நானும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகும் இன்னொரு தரம் கூப்பிடுகிறேன்.