அவரைப் போடவில்லை

வியாழன், ஐப்பசி 14

தலைமை நீதிபதியாக அவரைப் போடவில்லை. டெல்லியிலிருந்து எங்கள் வக்கீல் மதியம் போன் செய்து சொன்னார். மூப்புப்படி அவர்தான் வந்திருக்க வேண்டும். அரசுக்குப் பிடிக்காத இரண்டு தீர்ப்புகளை எழுதிவிட்டார் என்று, அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரை நியமித்துவிட்டார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டாராம். மணலியில் பாய்லர் வெடித்துச் செத்த எங்கள் ஆட்களின் வழக்கைப் பாதிவரை கேட்டவர் அவர். இனி வேறொரு நீதிபதி முன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாயங்காலம் கொருக்குப்பேட்டைக்குப் போய் கதீஜா அக்காவிடம் சொன்னேன். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அன்று ஒரே ஷிப்டில் இருந்தார்கள். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏழு பேரு பேரையும் கோர்ட்ல வாய்வுட்டுப் படிச்சாரே, அவரையா தள்ளிவுட்டானுங்க?"

"ஆமாக்கா. நாமெல்லாம் மறுபடியும் எழுதிக் குடுக்கணுமாம்."

"எங்க வூட்டுக்காரரு எப்டி செத்தாருன்னு இன்னொரு வாட்டி சொல்லணுமா? என்னால ஆவாதும்மா. வுட்டுடு."

நான் வற்புறுத்தவில்லை. மிச்ச மீனையும் கழுவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்தேன். மற்ற ஐந்து வீடுகளுக்கும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். என்னாலும் ஆகாது என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?