கழுவெளிப் பரணைப் பிரிக்க வேண்டாமென மேட்டுக்கழி கிராமத்தார் எழுதுவது

அனுப்புநர்:
ம. தேவசகாயம், உப்பளத் தொழிலாளி, மேட்டுக்கழி சேரி,
சீனுவாசன், மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் குடியானவர், மேட்டுக்கழி ஊர்த்தெரு,
திண்டிவனம் தாலுகா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
தென்னார்க்காடு ஜில்லா, கடலூர்.

பொருள்: யுத்த காலத்தில் ஆகாயக் காவலுக்குக் கட்டிய பரணையும், அதைச் சுற்றியுள்ள கருவேல மரங்களையும் பறவைகளுக்காக விட்டுவைக்கவும், காவல் முறைப் பட்டியலை ரத்து செய்யாதிருக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆகாயத்தைப் பார்க்கச் சொல்லி சர்க்கார் எங்களை ஏற்றிவிட்டது. நாலு வருஷம் பார்த்துவிட்டோம். இப்போது இறங்கச் சொல்கிறபோது எங்களுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

1. 1942 சித்திரையில், ஜப்பான்காரன் விமானம் கடல் வழியே வரும் என்று பயந்திருந்த நாளில், எங்கள் கழுவெளி ஏரிக் கரையில் சவுக்குக் கழியால் பரண் கட்டினார்கள். கடல் பக்கமிருந்து ஆகாயத்தில் எது வந்தாலும் எத்தனை, எந்தத் திசை, எத்தனை மணி என்று புத்தகத்தில் எழுதவேண்டும் என்பது உத்தரவு. பகல் காவலுக்கு ஒரு முறைக்கு இரண்டு பேர். வெளியூர் குமாஸ்தா ஒருவர் வந்து, எழுதத் தெரிந்தவர்களின் பெயர்களை அகரவரிசையில் எழுதி, அந்த வரிசைப்படியே இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டுப் போனார். யார் எந்தத் தெரு என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. இப்படியாக ஊர்த்தெரு சீனுவாசனும், சேரியைச் சேர்ந்த தேவசகாயமாகிய நானும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். எங்கள் கிராமத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததே கிடையாது.

2. ஆறு மாதம் அவர் வடக்கே பார்த்தார், நான் தெற்கே பார்த்தேன். தண்ணீருக்கு ஆளுக்கொரு பானை. பேச்சு இல்லை. காவல் வேலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது என்று சொல்லவேண்டும்.

3. ஐப்பசியில் ஒரு காலை, வடகிழக்கே வரிசை கட்டி ஏதோ வந்தது. சீனுவாசன் என் தோளைப் பிடித்து உலுக்கி, “தேவசகாயம், அதோ பாரு, வந்துக்கினே இருக்குது! எழுது, ஜல்தியா எழுது!” என்று சொல்லிவிட்டு, மரக்காணத்துக்குத் தகவல் சொல்லக் குதித்து ஓடினார். நான் நாற்பதுக்கு மேல் என்று எழுதி நிமிர்ந்தால், வந்தவை நீளநீளமாகக் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகின்றன. “ஐயா, திரும்பி வாங்க! பூநாரைங்க!” என்று கத்தினேன். முழங்கால் மட்டும் சேற்றோடு அவர் திரும்பி வந்தார். பலகை ஆடுகிற அளவுக்குச் சிரித்தோம். அன்று இரண்டு பேருக்கும் நல்ல தாகம். ஒரு பானையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. இதற்குமேல் மனுவில் எழுதத் தேவையில்லை.

4. எழுதியதை அடிக்கக் கூடாது என்பதால் பூநாரை நாற்பத்திமூன்று என்று பக்கத்தில் எழுதிவைத்தோம். அடுத்த மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் படித்துச் சிரித்து, கீழே சிவப்பு மையில் ‘பார்த்தேன், தொடரலாம்’ என்று கையெழுத்திட்டார். அவர் காவலைத்தான் சொன்னார் என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்தே உறைத்தது. அதற்குள் கூழைக்கடா, வக்கா, உள்ளான், அரிவாள்மூக்கன் எல்லாம் எண்ணி மூன்று புத்தகம் நிரப்பிவிட்டோம். விமானம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் நம் சர்க்காருடையது.

5. மற்ற காவல்காரர்களும் எழுத ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் இரண்டு தெருவுக்கும் வாய்க்கால், வழி என்று தகராறு வரும். இப்போது கூழைக்கடா இருநூற்றுப் பன்னிரண்டா, இருநூற்று இருபதா என்று வருகிறது. தகராறைத் தீர்க்கப் பெண்களை ஏற்றினோம். என் மனைவி சவுரியம்மாளும், சீனுவாசனின் மனைவி வீரம்மாளும் சேர்ந்து எண்ணினால் அப்பீல் கிடையாது. “எண்ணிக்கினு இருக்கசொல்ல பேச்சு குடுக்காதீங்க, மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும்” என்று வீரம்மாள் மணியக்காரரையே அதட்டியிருக்கிறார்.

6. எண்ணுகிறவனுக்கு ஆசை வந்துவிடுகிறது, ஐயா. இன்னும் வரட்டும் என்று தோன்றுகிறது. கோடையில் இரண்டு தெருவும் சேற்றை வாரித் திட்டுப் போட்டோம். கருவேலங்கன்று நட்டு, ஆடு மேயாமல் முள் கட்டினோம். உப்பளத்தார் பாழ்பட்ட இரண்டு பாத்திகளில் தண்ணீர் நிறுத்தினார்கள். ஊர்த்தெருவில் கண்ணி வைப்பதை விட்டார்கள். தீபாவளிக்கு வெடி இல்லை. இந்தக் கார்த்திகையில் நத்தைகுத்தி நாரைகள் முதல்முதலாக எங்கள் பழைய கருவேல மரங்களில் கூடு கட்டின. கூடுகள் முப்பத்தொன்று. குஞ்சு பொரித்த அன்று சவுரியம்மாள் கேப்பைக் களி கிண்டி இரண்டு தெருவுக்கும் கொடுத்தாள். எல்லோரும் வாங்கினார்கள். எங்களுக்கு அத்தனை சந்தோஷம்.

7. இப்போது, யுத்தம் முடிந்ததால் காவல் உத்தரவு ரத்து என்றும், பதினைந்து நாளில் பரணைப் பிரித்து, மரங்களைக் கரியில் ஓடும் பஸ்ஸுக்குக் கரி சுட வெட்டவேண்டும் என்றும் மணியக்காரர் வழியாக நோட்டீஸ் வந்திருக்கிறது. குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை.

8. மற்றொன்றும் சொல்லவேண்டும். நோட்டீஸ் வந்த மறுநாள் நான் போனபோது சீனுவாசன் மேலே இருந்தார். நான் ஏணியடியில் நின்றுவிட்டேன். உத்தரவு இருந்தவரை ஏறலாமா என்று யோசித்ததில்லை. அவர் தெருவில் அதற்குள், “சண்ட முடிஞ்சிப்போச்சி, இன்னும் என்னாத்துக்கு ஒண்ணா குந்திக்கினு?” என்று பேச்சு கிளம்பியிருந்தது. அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கீழேயிருந்து பார்த்தால் மர உச்சி தெரிகிறது, கூடு தெரியவில்லை. அன்றைய பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாலு வருஷத்தில் அந்த ஒரு பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது.

9. ஆகவே பரணையும் மரங்களையும் விட்டுவைக்க வேண்டுகிறோம். காவல் உத்தரவில் விமானம் என்று இருக்கும் இடத்தில் பறவை என்று மாற்றி, பழைய பட்டியலை அந்த வரிசையிலேயே நீடிக்கச் செய்யவும் வேண்டுகிறோம். சம்பளம், படி எதுவும் வேண்டாம். எங்களை நாங்களே சேர்த்து உட்கார வைத்துக்கொள்ளும் பலம் இன்னும் வரவில்லை, வரும். அதுவரை ஒரு சர்க்கார் முத்திரை போதும்.

மாசி முடிவதற்குள் தாங்கள் ஒரு காலை நேரில் வந்தால் குஞ்சுகளைப் பார்க்கலாம். பரணில் நாற்காலி கொள்ளாது. எங்கள் இருவருக்கும் நடுவில்தான் தங்களுக்கு இடம் இருக்கும். அதைத் தவறாக எண்ணவேண்டாம்.

இடம்: மேட்டுக்கழி
தேதி: 20-1-1946

இப்படிக்கு,
உத்தரவை எதிர்நோக்கும்,
சீனுவாசன்
ம. தேவசகாயம்
(மற்றும் இரண்டு தெருக்களிலுமாகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த அறுபத்தொரு பேர், அகரவரிசைப்படி)