நான் பார்க்காத பிளேன்

786

சென்னை-4
16.7.95, ஞாயிறு

அன்பு மகள் சிம்ராவுக்கு அத்தா எழுதறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையால இங்க நானும் உங்க அம்மாவும் சுகமா இருக்கோம், மஸ்கட்ல நீயும் மாப்பிள்ளையும் பேரன் சைஃபும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ செய்யறோம். உன் லெட்டர் போன புதன்கிழமைக்கு முந்தின புதன் வந்தது. அம்மா ரெண்டு தடவை எனக்குப் படிச்சுக் காட்டினா, மூணாவது தடவை பக்கத்து வீட்டு ஷகீலாவுக்கும் கேக்கட்டும்னு வாசல்ல நின்னு சத்தமா படிச்சா. இங்க மழை ஒரு பொட்டு கூட இல்லை. தண்ணி லாரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கச்சேரி ரோடு முனையில வந்து நிக்குது, அம்மா முட்டி வலியோட குடத்தைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா ஓடறா, நான் தூக்கறேன்னு சொன்னா நீங்க பாதியைக் கொட்டிடுவீங்கன்னு திட்டறா. மாப்பிள்ளை கொடுத்தனுப்பின தைலம் வந்து சேர்ந்தது, நல்லா கேக்குதாம்.

இனிமே எழுதப் போறதை மாப்பிள்ளை முன்னாடி படிக்காதே, முதல்ல நீ மட்டும் படி. பிளேன் செய்தி வந்த பேப்பரை உங்க பில்டிங்ல எல்லாருக்கும் காட்டினதா எழுதியிருந்தே, சைஃப் ஸ்கூல்ல போய் என்னைப் பத்தி, எங்க நன்னா பஸ்ஸைக் குறுக்கே போட்டு பிளேனைக் காப்பாத்தினாருன்னு டீச்சர்கிட்ட சொன்னதாவும் எழுதியிருந்தே. அம்மா அதைப் படிச்சதும் சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டேன். முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன், என் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை, இப்பவும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் அந்தப் பிளேனைப் பார்க்கவே இல்லை சிம்ரா.

நடந்ததை அப்படியே சொல்றேன். போன மாசம் இருபதாம் தேதி, மயிலாப்பூர்லேர்ந்து கோவளம் போற காலை டிரிப். அடையார், திருவான்மியூர், நீலாங்கரை தாண்டி, சவுக்குத் தோப்பு நடுவுல ரோடு நேரா போகுமே, அங்க போய்க்கிட்டிருக்கேன். வண்டியில ஐம்பது பேருக்கு மேல. எதிர்ல தூரத்துல வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது. எனக்கு எட்டு மாசமா கண்ணு சரியில்லை. வெயில் ஏறினா வெள்ளையா இருக்கறது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து பரவிடும், கண்ணாடி மேல பாலை ஊத்தின மாதிரி. தண்ணி லாரி தப்பான பக்கத்துல வருதோன்னு நினைச்சேன், இல்லை வெறும் வெயில் கண்ணாடியில பட்டுச்சோன்னும் நினைச்சேன். என்னன்னு தெரியாத பயத்துல பிரேக்கை மிதிச்சு இடது பக்கம் ஒடிச்சேன், வால் பக்கம் சறுக்கி பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் கண்டக்டர் ராஜகோபாலன் ஐயோ பிளேனு பிளேனுன்னு கத்தினான். ரெண்டு பேர் உட்கார்ற சின்ன பிளேன், நமக்கு எதிர்லேர்ந்து ரோட்டுலயே இறங்கி, குதிச்சு குதிச்சு ஓடி வந்து, பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு கிரிக்கெட் மைதானம் தூரத்துல நின்னுது. அது ரோட்டைத் தொட்ட பிறகுதான் அதுக்கு றெக்கை இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது.

பின்னாடி வந்த லாரி, கார் எல்லாம் என் பஸ்ஸைத் தாண்ட முடியாம நின்னுடுச்சு, அதனால ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஜனங்க ஓடி வந்து என்னைத் தூக்கிட்டாங்க. டிரைவர் என்னா மூளை, பஸ்ஸையே கேட் மாதிரி போட்டுட்டாருன்னு ஒருத்தர் சொன்னார், அதுதான் பேப்பர்லயும் வந்துடுச்சு. நான் வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. மாலை போட்டாங்க, டிப்போவுல சால்வை போட்டாங்க, ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பாராட்டுப் பத்திரம்னாங்க. ரிட்டயர்மெண்டுக்குப் பதினாலு மாசம்தான் இருக்கு, அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு இருந்தேன். மார்ச்சுல கண் டெஸ்ட் வந்தப்ப கூட, எனக்கு முன்னாடி நின்னவன் போர்டைப் படிக்கறதைக் காதுல வாங்கி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சுட்டு வந்தவன் உன் அத்தா. ராஜகோபாலன் மட்டும் அப்பப்ப இன்னா நைனா, பேப்பர் பறந்தா கூட பிரேக் அடிக்கிறேன்னு கிண்டல் பண்ணுவான், நானும் சிரிச்சு மழுப்பிடுவேன்.

இப்படியே போயிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை அந்தப் பிளேனை ஓட்டின பொண்ணு அவ அப்பாவோட நம்ம வீட்டுக்கு வந்தா. மாளவிகான்னு பேரு, அடையார்ல வீடு, இருபத்தொரு வயசு, பிளேன் ஓட்டக் கத்துக்கறா. உன்னை மாதிரியே ஒல்லியா, பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசறா. அன்னைக்குத் தனியாத்தான் போயிருக்கா, மேல இருக்கும்போதே இன்ஜின் நின்னுடுச்சாம். திரும்பி ஏர்போர்ட் வரைக்கும் வர முடியாது, கடற்கரையில கட்டுமரமும் ஜனங்களும், ரோட்டைப் பார்த்தா எதிர்ல பஸ். சரி, ஜனங்க மேல இறங்கறதை விட கடல்ல போய் விழுந்துடலாம்னு திருப்பப் பார்த்திருக்கா. அப்போ பஸ் நின்னு குறுக்கே திரும்பிச்சாம். டிரைவர் என்னைப் பார்த்துட்டார், எனக்காக ரோட்டை மறிக்கிறார்னு நினைச்சேன் அங்கிள், அந்த நம்பிக்கையிலதான் இறக்கினேன்னு சொன்னா. சொல்லிட்டு, எவ்வளவு தூரத்துல பார்த்தீங்கன்னு கேட்டா. உங்க அம்மா டீ டம்ளரை வச்சுக்கிட்டே, அவருக்குக் கழுகுக் கண்ணும்மா, மயிலாப்பூர்ல நின்னா பாண்டிச்சேரி தெரியும்னு பெருமையடிச்சா. அந்தப் பொண்ணு சிரிச்சா.

அவங்க போனதும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அழுவான்னு நினைச்சேன், அழலை. பாவி மனுஷா, அத்தனை பேரை ஏத்திக்கிட்டா ஓட்டினேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா, அப்புறம் ரெண்டு நாள் சோறு மட்டும் போட்டா, பேச்சு இல்லை. திங்கக்கிழமை டிப்போவுக்குப் போய், எனக்குக் கண்ணு தெரியலை, இனிமே வண்டி எடுக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு, ஆகஸ்ட் பதினஞ்சு முடியட்டும்யா, அதுவரைக்கும் லீவு போடேன், ஊரே கொண்டாடற நேரத்துல ஏன் நீயே உன் மேல மண்ணை அள்ளிப் போட்டுக்கறேன்னார். நல்ல மனுஷன்தான், என் நன்மைக்குத்தான் சொன்னார். இல்லை சார்னுட்டு டியூட்டி சாவியை மேஜை மேல வச்சுட்டு வந்துட்டேன். டெஸ்ட் மனப்பாடம் பண்ணினதையும் எழுதியிருக்கேன். விசாரணை வைப்பாங்க. லைட் டியூட்டின்னு டைம் ஆபீஸ்ல உட்கார வச்சாலும் வைப்பாங்க, வீட்டுக்குப் போன்னாலும் சொல்லுவாங்க. அதுக்கு நான் தயார், உங்க அம்மாவும் தயார், நீ அதை நினைச்சு மாப்பிள்ளைகிட்ட எதுவும் கேட்டு வைக்காதே.

அந்தப் பொண்ணு அடுத்த மாசம் மறுபடி மேல போறா. கீழ இருக்கறவன் எல்லாம் தன்னைப் பார்ப்பான்னு நம்பிக்கிட்டு அவ போகக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. நேத்து அடையார் போய் அவகிட்டயும் சொல்லிட்டேன். பரவாயில்லை அங்கிள், எப்படியோ உயிர் பிழைச்சேனேன்னு சொல்லுவான்னு ஒரு ஆசை எனக்குள்ள இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவ அப்படிச் சொல்லலை. எத்தனை மாசமா இப்படின்னு கேட்டா, எட்டு மாசம்னேன். எங்க அம்மா நீலாங்கரை ஸ்கூல்ல டீச்சர், தினமும் அந்தக் காலை பஸ்லதான் போறாங்கன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா, எழுந்து உள்ளே போயிட்டா. அவங்க அப்பாதான் கேட் வரைக்கும் வந்தார். எனக்கு அந்த டீச்சரம்மாவைத் தெரியும் சிம்ரா. ஏறும்போது தினமும் சலாம் வைக்கற மாதிரி லேசா தலையை ஆட்டிட்டு, என் சீட்டுக்கு நேர் பின்னாடி உட்காருவாங்க. எட்டு மாசமா அவங்களை உட்கார வச்சுதான் ஓட்டியிருக்கேன்.

ரெண்டு கண்ணுலயும் புரைன்னு டாக்டர் சொல்லிட்டார், இருபத்தேழாம் தேதி இடது கண்ணுக்கு ஆபரேஷன். நீ கிளம்பி வர வேண்டாம், பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. சைஃப்கிட்ட உண்மையைச் சொல்லிடு, அவனுக்குப் புரியற மாதிரி சொல்லு, அவன் டீச்சர்கிட்ட போய் மாத்திச் சொல்லணும்னு இல்லை, அவனுக்குத் தெரிஞ்சா போதும். மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் கொடுக்கட்டும். இதைப் படிச்சதும் உனக்கு என் மேல கோவம் வரும், வரணும். அடக்காதே, வந்ததை வந்தபடியே எழுது. ஒண்ணு மட்டும் செய்யும்மா, எழுத்தைப் பெரிசு பெரிசா எழுது, உன் திட்டை அம்மா வாயால கேக்காம நானே படிக்கணும்.

இப்படிக்கு,
உன் அத்தா
பீர் முஹம்மது