நான்காவது கேள்வி

மேல் பிரிவு,
பதுளை.
11.08.2024

அன்புள்ள நிஷாந்தினிக்கு, அடுத்த காம்பரா வீட்டு யோகமலர் எழுதுவது.

மஸ்கட்டில் வெயில் இன்னும் தாங்க முடியவில்லை என்று போன வெள்ளிக்கிழமை சொன்னாய். இங்கே மழையில்லை, காற்றுதான். இரண்டு லயத்து வீடுகளில் கூரைத் தகரம் பறந்துவிட்டது. உங்கள் கூரைக்கு மாமா கல் தூக்கி வைத்திருக்கிறார்.

எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நீ பேசும்போது அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்துக் கேட்கிறார். மற்ற நாளில் உன் போன் மேடம் கையில். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஸவாஹிராவிடம் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அத்தைக்கு, உன் அம்மாவுக்கு, உடம்பு சரியில்லை, நிஷா. உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

வைகாசியில் ஒரு நிறுவனத்துக்காரர்கள் வந்து, குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் சனிக்கிழமைதோறும் பொம்பளைகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். முதல் ஒரு மணித்தியாலம் உடம்பைப் பற்றி. அப்புறம் காளான் வளர்ப்பு. எல்லாரும் காளானுக்காகத்தான் வந்தோம். அத்தை கை வைத்த பை ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. பின்பக்கத்தில் நாற்பது பை கட்டித் தொங்கவிட்டார். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஜௌபர் நானா, அத்தையின் காளான் என்றால் பார்க்காமலே எடுப்பார். எங்களிடம் அத்தை சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "இது நல்லா ஓடுச்சுன்னா எம் மகள வரச் சொல்லிருவேன். அடுத்தவ வீட்டுச் சட்டி கழுவினது போதும்."

மூன்றாவது சனிக்கிழமை, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். அத்தை பாதியில் எழும்பி, பைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று போய்விட்டார். நான் பார்த்தேன். ஒன்றும் நினைக்கவில்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தை விழுந்துவிட்டார். பசி மயக்கம் என்று கங்காணி தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான்தான் தூக்கினேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் உள்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. என் கையெல்லாம் ரத்தம். "யாருக்கும் காட்டாத புள்ள, மூடு மூடு" என்று என் காதில் சொன்னார். எட்டு மாதமாக அப்படியாம். பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் போகும், சம்பளம் வராது, டாக்டரிடம் போனால் ஆம்பளைக்குத் துணி விலக்கிக் காட்ட வேண்டும் என்று பயந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் மாமாவும் கூட்டிப்போனோம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். மூத்திரப்பை வரைக்கும் போய்விட்டதாம். வெட்டி எடுக்க முடியாது, கரண்ட் வைத்து ரத்தத்தையும் வலியையும் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாமாவுக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. சுகமாகிவிடும் என்றுதானே சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

இனி எழுதப்போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தையில் என்னைச் சுகாதாரத் தொண்டராகத் தெரிந்தெடுத்து, பதுளையில் ஐந்து நாள் பழக்கியது உனக்குத் தெரியும். மாசியில் படிவம் தந்து வீடு வீடாக அனுப்பினார்கள். பொம்பளைகளிடம் ஒன்பது கேள்வி. நான்காவது கேள்வி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறதா என்பது. உங்கள் வீட்டுக்குப் போனபோது அத்தை விறகு பிளந்துகொண்டிருந்தார். மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் உனக்கும் எனக்கும் ஒரே தட்டில் சோறு ஊட்டியவரிடம், மாமாவை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. நானே 'இல்லை' என்று அடையாளம் போட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாசியிலேயே வந்திருந்தால் என்று வார்டு நர்ஸிடம் கேட்டேன். அப்போதென்றால் டாக்டர்கள் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள் தங்கச்சி என்றார்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ கேட்டிருந்தாலும் நான் இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன், போயி மூஞ்சியக் கழுவு" என்றார். உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தப் படிவத்தை எல்லா வீட்டுக்கும் மறுபடி கொண்டுபோகிறேன். ஆம்பளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். இரண்டு பேர் 'ஆமாம்' என்றார்கள். ஒருத்தி பழைய கொழுந்துக்காரி. இன்னொருத்திக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டேன்.

மாமாவை நீ ஒன்றும் சொல்லாதே. அத்தையின் துணியை அவரே பீலிக்குக் கொண்டுபோய் அலசுகிறார். தண்ணீர் பிடிக்க நிற்கிற பொம்பளைகள் குடத்தை நகர்த்தி வழி விடுகிறார்கள். காளான் பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அத்தையின் கை எனக்கு வரவில்லை, பாதி கறுத்துவிட்டது. அத்தை கேட்டால் நன்றாக வருகிறது என்கிறேன்.

உனக்குத் தெரிந்தால் செலவுக்கென்று இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்பதுதான் அத்தையின் பயம். அதனால் சொல்கிறேன், நிஷா. பணம் அனுப்பாதே. உன் ஒப்பந்தம் மாசியில் முடிகிறது என்று தெரியும். மாசி வரைக்கும் இருக்காதே. மேடத்தின் காலில் விழுந்தாவது வா. கதிர்காமத்தான் மேடத்தின் மனதை இளக்கட்டும்.

என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றும். போனில் திட்டாதே, கடிதத்திலும் திட்டாதே. வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டு. அத்தைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகத் திட்டு. உன் குரலைப் பக்கத்தில் கேட்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
யோகமலர்